ஓமோன் சமநிலை: ஈஸ்திரஜனைத் தடுக்கும் குளிசையை நிறுத்துதல்

(க.பொ.த. சாதாரண தரம் – விஞ்ஞானம், சுகாதாரமும் உடற்கல்வியும் ஆகிய இரு பாடங்களுக்கும் பயன்படத்தக்கது)

மாணவர்களே!

‘ஆண் ஓமோன் எது? பெண் ஓமோன் எது?’ என்று கேட்டால் நீங்கள் உடனே விடை எழுதிவிடுவீர்கள். ஆண் ஓமோன் தெஸ்தெஸ்தரோன், பெண் ஓமோன் ஈஸ்திரஜன். அதற்குரிய புள்ளியும் கிடைத்துவிடும். ஆனால் அந்த ஒரு வரி விடையை முழு உண்மை என்று நம்பி ஒருவர் மருந்து எடுக்கத் தொடங்கினால் அவருடைய என்புகளே பலவீனமடையக்கூடும்.

எமது வகுப்பில் மாணவர் ஒருவர் இப்படிக் கேட்டார்: “சேர், ஆணின் உடம்பில் பெண் ஓமோன் இருந்தால் மருந்து கொடுத்து அதை இல்லாமற் செய்வதுதானே நல்லது?” நல்ல வினா. இதே எண்ணத்தில்தான் தெஸ்தெஸ்தரோன் சிகிச்சை பெறும் ஆண்கள் பலர் ஈஸ்திரஜனைத் தடுக்கும் குளிசையையும் சேர்த்து எடுத்தனர். பின்னர் அவர்களிற் பலருக்கு அக்குளிசையை நிறுத்தவேண்டி வந்தது. அது ஏன் என்பதை விளங்கிக்கொண்டால் ஓமோன்கள் பற்றிய முழு அலகும் உங்களுக்கு இலகுவாகிவிடும்.

இப்பாடத்தைக் கற்ற பின்னர் நீங்கள்,

• ஓமோன்களின் பின்னூட்டற் கட்டுப்பாட்டை உதாரணத்துடன் விளக்குவீர்கள்.
• ஆணின் உடலில் ஈஸ்திரஜன் உண்டாகும் விதத்தையும் அதன் தொழில்களையும் கூறுவீர்கள்.
• ஒரே மருந்து ஒருவருக்கு வேண்டாததாகவும் இன்னொருவருக்கு உயிர்காப்பதாகவும் அமையும் காரணத்தைக் காட்டுவீர்கள்.

1. மீட்டல்

அகஞ்சுரக்கும் சுரப்பிகளால் சுரக்கப்பட்டு, குருதியினாற் கொண்டுசெல்லப்பட்டு, குறித்த அங்கங்களிலே தொழிற்படும் இரசாயனப் பதார்த்தங்களே ஓமோன்கள் எனப்படும். இவை மிகச் சிறிய அளவிலேயே தேவைப்படும். கூடினாலும் தீங்கு, குறைந்தாலும் தீங்கு.

ஆண்களில் தெஸ்தெஸ்தரோன் பிரதானமாக விதைகளிலே சுரக்கப்படுகிறது. குரல் தடித்தல், மீசை தாடி முளைத்தல், தசை வளர்ச்சி, விந்து உற்பத்தி ஆகியவற்றுக்கு அது தேவை. 1849ஆம் ஆண்டில் ஜேர்மனியின் கொற்றிங்கன் நகரிலே பேர்தோல்ட் என்பவர் சேவல்களின் விதைகளை அகற்றிப் பார்த்தார். சேவல்களின் கொண்டை சுருங்கியது. கூவலும் சண்டையும் குறைந்தன. விதையை மீண்டும் உடலினுள் வைத்தபோது அவ்வியல்புகள் திரும்பின. விதையிலிருந்து ஏதோ ஒரு பொருள் குருதியிற் கலக்கிறது என்பதை இது காட்டியது. அப்பொருள் 1935இல் பிரித்தெடுக்கப்பட்டது. அதே ஆண்டில் அதனைச் செயற்கையாகத் தயாரிக்கும் முறையும் கண்டறியப்பட்டது. அப்பணியிற் பங்கேற்ற புட்டநாண்ட், ருசிக்கா ஆகிய இருவருக்கும் 1939ஆம் ஆண்டுக்குரிய இரசாயனவியல் நோபல் பரிசு வழங்கப்பட்டது.

2. தாங்கியும் மிதவையும்

வீட்டுக் கூரையின் மேலுள்ள நீர்த்தாங்கியை நினைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் நிரம்ப உள்ளே இருக்கும் மிதவை மேலெழும், குழாய் மூடிக்கொள்ளும். தண்ணீர் குறைய மிதவை கீழிறங்கும், குழாய் திறக்கும். ஓமோன்களின் கட்டுப்பாடும் இத்தகையதே.

மூளையிலுள்ள பரிவகக்கீழ் கபச்சுரப்பியைத் தூண்டும். கபச்சுரப்பி தன் ஓமோன்களால் விதையைத் தூண்டும். விதை தெஸ்தெஸ்தரோனைச் சுரக்கும். குருதியிலே அது போதிய அளவை அடைந்ததும் பரிவகக்கீழுக்கும் கபச்சுரப்பிக்கும் ‘போதும்’ என்ற செய்தி செல்லும், தூண்டல் குறையும். இதுவே எதிர்ப் பின்னூட்டல் எனப்படும்.

இனி ஒருவர் தாங்கியினுள் வெளியிலிருந்து வாளியாற் தண்ணீர் ஊற்றுகிறார் என வைத்துக்கொள்வோம். என்ன நடக்கும்? மிதவை மேலெழும், குழாய் மூடிவிடும். அதுபோலவே வெளியிலிருந்து ஊசியாகவோ பூச்சாகவோ தெஸ்தெஸ்தரோன் கொடுக்கப்படும்போது கபச்சுரப்பி அடங்கும். விதை தன் வேலையைக் குறைக்கும். விந்து உற்பத்தியும் குறையும். இதனாலேயே குழந்தை பெற விரும்பும் ஆணுக்கு இச்சிகிச்சை பொதுவாகப் பொருந்தாது.

நினைவிற் கொள்க: வெளியிலிருந்து வரும் ஓமோன் உடலின் சொந்தச் சுரப்பை அடக்கும். பரீட்சையில் காரணம் கேட்டால் ‘எதிர்ப் பின்னூட்டல்’ என்ற சொல் விடையில் வரவேண்டும்.

3. தெஸ்தெஸ்தரோனிலிருந்து ஈஸ்திரஜன்

ஆணின் உடலில் ஈஸ்திரஜன் எங்கிருந்து வருகிறது? பதில் வியப்பானது. தெஸ்தெஸ்தரோனிலிருந்துதான் வருகிறது. அரோமற்றேஸ் என்னும் நொதியம் தெஸ்தெஸ்தரோனின் மிகச் சிறிய பகுதியை ஈஸ்திரஜனாக மாற்றுகிறது. இந்நொதியம் கொழுப்பிழையம், என்பு, மூளை முதலிய பல இடங்களில் உண்டு. ஆணின் குருதியிலுள்ள பிரதான ஈஸ்திரஜனில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு இவ்வாறு விதைக்கு வெளியே உண்டாவதாகும். எஞ்சிய பங்கை விதை நேரடியாகச் சுரக்கும்.

1934இல் சொண்டெக் என்னும் ஆய்வாளர் ஆண் குதிரையின் சிறுநீரில் ஈஸ்திரஜன் மிகப் பெருமளவில் இருப்பதைக் கண்டு அறிவித்தார். ‘பெண் ஓமோன்’ என்ற பெயர் முழுப் பொருத்தமானதன்று என்பதற்கு அன்றே கிடைத்த சான்று இது.

4. சிகிச்சையும் தடுப்புக் குளிசையும்

சில ஆண்களின் உடல் போதிய தெஸ்தெஸ்தரோனைச் சுரப்பதில்லை. கபச்சுரப்பியில் வளரும் கட்டி, விதையிற் பாதிப்பு, பிறப்பிலேயே மேலதிகமாக ஓர் எக்ஸ் நிறமூர்த்தம் இருத்தல் ஆகியன அதற்குரிய காரணங்களிற் சில. அறிகுறிகள் இருந்து, காலைநேரக் குருதிப் பரிசோதனையிலும் ஒரு தடவைக்கு மேல் குறைவு உறுதியானால் வைத்தியர் தெஸ்தெஸ்தரோன் பிரதியீட்டுச் சிகிச்சையைத் தொடங்குவார்.

தெஸ்தெஸ்தரோன் கூடும்போது அதிலிருந்து உண்டாகும் ஈஸ்திரஜனும் கூடும். உடற்கொழுப்பு அதிகமுள்ளவரில் அது மேலும் கூடலாம். அப்போது சிலருக்கு மார்பில் நோவு, வீக்கம் ஏற்படும். இதைத் தவிர்க்கவே அரோமற்றேஸ் நொதியத்தை அடக்கும் அனஸ்ட்ரோசோல் போன்ற குளிசைகள் சேர்க்கப்பட்டன.

ஒன்றைக் கவனியுங்கள். அனஸ்ட்ரோசோல் 1995இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது மாதவிடாய் நின்ற பெண்களின் மார்புப் புற்றுநோய்க்காகும். தெஸ்தெஸ்தரோன் சிகிச்சை பெறும் ஆணுக்காக அது அனுமதிக்கப்பட்ட மருந்தன்று. இருப்பினும் வைத்தியர் சிலர் தம் பொறுப்பிற் கொடுத்தனர். வேறு சிலர் வைத்தியரைக் கேளாமல் தாமாகவே வாங்கி எடுத்தனர். எந்தவித நோவும் வீக்கமும் இல்லாதவர்கூட ‘முன்னெச்சரிக்கை’ என்று எடுத்தனர். பிழை அங்கேதான் தொடங்கியது.

5. ஆணுக்கு ஈஸ்திரஜன் எதற்கு?

இவ்வினாவுக்கு மூன்று ஆய்வுகள் விடை தருகின்றன.

(அ) 1994: அமெரிக்காவில் 28 வயதுடைய ஆண் ஒருவர் ஆராயப்பட்டார். பரம்பரையலகில் ஏற்பட்ட விகாரத்தால் அவருடைய கலங்கள் ஈஸ்திரஜனின் செய்தியை ஏற்கமாட்டா. ஓமோன் குருதியில் இருந்தது, கேட்பாரில்லை. அவருடைய தெஸ்தெஸ்தரோன் அளவில் குறைவில்லை. ஆயினும் அவர் 204 சென்ரிமீற்றர் உயரத்தை அடைந்த பின்னரும் வளர்ந்துகொண்டே இருந்தார். ஏனெனில் என்புகளின் வளர்ச்சித் தட்டுகள் மூடவில்லை. அவரது என்பு முதிர்ச்சி 15 வயதுச் சிறுவனுக்குரியதாக இருந்தது. என்புகள் நலிந்தும் இருந்தன. ஆணின் என்பு முதிர்வதற்கும் உறுதியாவதற்கும் ஈஸ்திரஜன் தேவை என்பது இதனால் தெளிவாயிற்று.

(ஆ) 2009: தெஸ்தெஸ்தரோன் குறைந்த, 60 வயதும் அதற்கு மேலும் உள்ள 69 ஆண்கள் ஓர் ஆய்விற் சேர்க்கப்பட்டனர். ஒரு பிரிவினருக்கு ஓராண்டு அனஸ்ட்ரோசோல் கொடுக்கப்பட்டது. மறு பிரிவினருக்கு மருந்தில்லாத போலிக் குளிசை கொடுக்கப்பட்டது. அனஸ்ட்ரோசோல் எடுத்தவர்களில் ஈஸ்திரஜன் குறைந்தது. ‘போதும்’ என்ற செய்தியின் ஒரு பகுதி ஈஸ்திரஜன் வழியாகவே மூளைக்குச் செல்வதால், அது குறைந்ததும் விதை மேலும் தூண்டப்பட்டுத் தெஸ்தெஸ்தரோன் கூடியது. ஆனால் முள்ளந்தண்டு என்பின் அடர்த்தி குறைந்தது. ஆண் ஓமோன் கூடியும் என்பு மெலிந்தது என்பதே இங்கு கவனிக்கவேண்டியது.

(இ) 2013: பொஸ்ரன் நகரில் 20 முதல் 50 வயது வரையான ஆண்களிடம் நடந்த ஆய்வு இது. முதலில் அவர்களின் சொந்தச் சுரப்பு மருந்தால் நிறுத்தப்பட்டது. பின்னர் வெவ்வேறு அளவில் தெஸ்தெஸ்தரோன் பூச்சு 16 வாரங்கள் கொடுக்கப்பட்டது. 198 பேருக்கு அது மட்டும். 202 பேருக்கு அனஸ்ட்ரோசோலும் சேர்த்து. தசையின் பருமனும் வலுவும் தெஸ்தெஸ்தரோனிலே தங்கியிருந்தன. உடற்கொழுப்புக் கூடியதற்குப் பிரதான காரணம் ஈஸ்திரஜன் குறைவே. பாலியல் நாட்டத்துக்கு இரண்டும் தேவைப்பட்டன.

ஆகவே ஆணின் உடலில் ஈஸ்திரஜன் தவறுதலாக வந்த விருந்தாளி அன்று, வீட்டு ஆள். அளவுடன் இருக்கவேண்டும், இல்லாமற் போகக்கூடாது.

6. குளிசையை நிறுத்தும்போது

ஈஸ்திரஜன் அளவுக்கு மீறி அடக்கப்பட்டவரிடம் மூட்டு நோவு, பாலியல் நாட்டக் குறைவு, மனச்சோர்வு முதலியன தோன்றலாம். என்பு மெலிவது வெளியே தெரியாது. முறிவு ஏற்படும்போதுதான் தெரியவரும். இத்தகையவருக்கு வைத்தியர் குளிசையைக் குறைக்கவோ நிறுத்தவோ தீர்மானிப்பார். அப்போது நடப்பதை ஒழுங்காகப் பார்ப்போம்.

முதலாவது, மருந்து உடலை விட்டு நீங்கும். அனஸ்ட்ரோசோலின் அளவு குருதியில் அரைவாசியாகக் குறைய ஏறத்தாழ 2 நாட்கள் செல்லும். 2 நாட்களில் 1/2, 4 நாட்களில் 1/4, 6 நாட்களில் 1/8, 8 நாட்களில் 1/16, 10 நாட்களில் 1/32 என்றவாறு குறையும். கணித பாடத்திற் படித்த பெருக்கல் விருத்தியை இங்கே காணலாம்.

இரண்டாவது, நொதியம் மீண்டும் தொழிற்படும். அனஸ்ட்ரோசோல் நொதியத்தை அழிப்பதில்லை. பிடித்து வைத்திருக்கும், அவ்வளவே. மருந்து நீங்க நொதியம் விடுபட்டு ஈஸ்திரஜன் மெல்ல உயரும்.

மூன்றாவது, உயரும் ஈஸ்திரஜனைக் கண்காணிக்கவேண்டும். சிலருக்கு எந்தத் தொல்லையும் வராது. சிலருக்கு மார்பு நோவு அல்லது வீக்கம் வரலாம். அப்போது வைத்தியர் முதலில் பார்ப்பது தெஸ்தெஸ்தரோனின் அளவையே. அது தேவைக்கு மேற்பட்டிருந்தால் அதனைக் குறைப்பார். அல்லது ஊசி போடும் இடைவெளியை மாற்றி ஒவ்வொரு முறையும் சிறிய அளவாகப் பகிர்ந்து கொடுப்பார். தாங்கி வழிந்தால் நிலத்தைத் துடைத்துக்கொண்டிருப்பதிலும் பார்க்க, ஊற்றும் வாளியைக் குறைப்பதே அறிவு.

என்பின் அடர்த்தி நாட்கணக்கில் திரும்பாது. அதற்கு மாதங்களும் ஆண்டுகளும் செல்லும்.

கவனிக்குக: தடுப்புக் குளிசையை நிறுத்துவது வேறு, தெஸ்தெஸ்தரோனை நிறுத்துவது வேறு. தெஸ்தெஸ்தரோனைத் திடீரென நிறுத்தினால், அடங்கிப்போன கபச்சுரப்பியும் விதையும் மீண்டெழும்வரை உடலில் இரண்டு ஓமோன்களும் குறைந்துவிடும். எதனை, எப்போது, எவ்வாறு நிறுத்துவது என்பது வைத்தியரின் தீர்மானம்.

7. அதே குளிசை, வேறொரு நோயாளி

இப்பகுதியை வாசிக்காமல் பக்கத்தைப் புரட்டவேண்டாம்.

உங்கள் அம்மாவோ பெரியம்மாவோ மார்புப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்ற பின்னர் தினமும் ஒரு குளிசை எடுக்கலாம். கிளினிக் கொப்பியில் தமொக்சிபென், அனஸ்ட்ரோசோல், லெற்றசோல் என்ற பெயர்களில் ஒன்று எழுதப்பட்டிருக்கும். இப்பாடத்தை அரைகுறையாகப் படித்துவிட்டு “ஈஸ்திரஜனைத் தடுத்தால் என்பு மெலியுமாம், இதை விடுங்கோ அம்மா” என்று சொல்லிவிடாதீர்கள்.

மார்புப் புற்றுநோய்களிற் பெரும்பாலானவை ஈஸ்திரஜனாற் தூண்டப்பட்டு வளர்பவை. தமொக்சிபென் மார்புக் கலங்களில் ஈஸ்திரஜனின் செய்தி ஏற்கப்படுவதைத் தடுக்கும். அனஸ்ட்ரோசோலும் லெற்றசோலும் ஈஸ்திரஜன் உண்டாவதையே குறைக்கும். இவை பொதுவாக 5 ஆண்டுகளும் சிலருக்கு அதற்கு மேலும் கொடுக்கப்படுகின்றன. இடையில் விட்டால் நோய் திரும்பும் அபாயம் கூடும். மூட்டு நோவு வந்தால் குளிசையை எறிவது தீர்வன்று, கிளினிக்கிற் சொல்லவேண்டும். என்பைப் பாதுகாக்க வேறு மருந்துகளும், அதே நோக்கத்துக்கான மாற்றுக் குளிசைகளும் உண்டு.

ஒரே குளிசை. ஓர் ஆணுக்கு அதை நிறுத்துவது நன்மை. ஒரு தாய்க்கு அதைத் தொடர்வது உயிர். மருந்து நல்லதா கெட்டதா என்று தனியே கேட்கமுடியாது. யாருக்கு, எதற்கு, எவ்வளவு என்று சேர்த்துத்தான் கேட்கவேண்டும். இதுவே இப்பாடத்தின் சாரம்.

8. உங்களுக்கு ஒரு வார்த்தை

கட்டிளமைப் பருவத்து ஆண் பிள்ளைகளில் ஏறத்தாழ அரைவாசிப் பேருக்கு மார்பில் சிறு வீக்கமோ நோவோ ஏற்படுவதுண்டு. இரு ஓமோன்களும் ஒரே வேகத்தில் உயராமையே இதற்குக் காரணம். பெரும்பாலும் 2 ஆண்டுகளுக்குள் தானாகவே மறையும். வெட்கப்பட்டு விளையாட்டுப் பாடத்துக்கு வராமல் இருக்கவேண்டியதில்லை. நீண்ட காலம் நீடித்தால், வேகமாகப் பெருத்தால், அல்லது முலைக்காம்பிலிருந்து நீர் வடிந்தால் வைத்தியரிடம் காட்டுக.

ஜிம்மில் யாராவது ‘உடம்பு போட’ ஊசியும், ‘மார்பு வராமல் இருக்க’ குளிசையும் தந்தால் வாங்காதீர்கள். வளரும் வயதில் வெளியிலிருந்து வரும் தெஸ்தெஸ்தரோன் ஈஸ்திரஜனாக மாறி, என்பின் வளர்ச்சித் தட்டுகளை நேரத்துக்கு முன்னே மூடச் செய்யலாம், உயரம் நின்றுவிடும். விதையின் வேலையும் அடங்கும். காரணத்தை நீங்களே இப்போது விளக்குவீர்கள்.

9. மாணவர் பொதுவாக விடும் தவறுகள்

• ‘ஆண்களில் ஈஸ்திரஜன் இல்லை’ என எழுதுதல். (சரி: சிறிய அளவில் உண்டு, அவசியமானது.)
• நொதியத்தையும் ஓமோனையும் மாற்றி எழுதுதல். (அரோமற்றேஸ் நொதியம், ஈஸ்திரஜன் ஓமோன்.)
• கபச்சுரப்பி தெஸ்தெஸ்தரோனைச் சுரக்கும் என எழுதுதல். (சரி: அது விதையைத் தூண்டும்.)
• காரணம் கேட்ட இடத்தில் விளைவை மட்டும் எழுதுதல்.

10. மாதிரி வினாக்கள்

பகுதி I – மிகப் பொருத்தமான விடையைத் தெரிவுசெய்க.

1. தெஸ்தெஸ்தரோனை ஈஸ்திரஜனாக மாற்றுவது,
(1) இன்சுலின் (2) அரோமற்றேஸ் (3) தைரொக்சின் (4) அமிலேஸ்

2. வெளியிலிருந்து தெஸ்தெஸ்தரோன் பெறும் ஆணில் விந்து உற்பத்தி குறையக் காரணம்,
(1) என்பு நலிதல் (2) கொழுப்புக் கூடுதல் (3) எதிர்ப் பின்னூட்டல் (4) நொதியம் அழிதல்

3. ஒரு மருந்தின் அளவு 2 நாட்களுக்கு ஒருமுறை அரைவாசியாகும். 6 நாட்களின் பின் எஞ்சுவது,
(1) 1/3 (2) 1/4 (3) 1/6 (4) 1/8

பகுதி II – அமைப்புக் கட்டுரை வினா

தெஸ்தெஸ்தரோன் சிகிச்சை பெறும் 45 வயது ஆண் ஒருவர், மார்பில் எவ்வித தொல்லையும் இல்லாதபோதும் அனஸ்ட்ரோசோலை ஓராண்டாக எடுத்துவருகிறார். இப்போது மூட்டு நோவு உண்டு. குருதியில் ஈஸ்திரஜன் மிகக் குறைவு.

(i) அவரில் ஈஸ்திரஜன் குறைந்தமைக்குக் காரணம் யாது? (2 புள்ளிகள்)
(ii) இந்நிலை தொடர்ந்தால் என்புக்கு ஏற்படும் பாதிப்பைக் குறிப்பிடுக. (1 புள்ளி)
(iii) வைத்தியர் அக்குளிசையை நிறுத்தினார். பின்னர் மார்பு நோவு ஏற்பட்டால் வைத்தியர் எடுக்கக்கூடிய ஒரு நடவடிக்கையைத் தருக. (2 புள்ளிகள்)
(iv) அதே குளிசையை எடுக்கும் அவருடைய தமக்கை, தம்பியைப் பார்த்துத் தானும் நிறுத்த நினைக்கிறார். அவர் மார்புப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்றவர். நீர் அவருக்குக் கூறும் ஆலோசனையைக் காரணத்துடன் எழுதுக. (3 புள்ளிகள்)

விடைகள்

பகுதி I: 1 – (2), 2 – (3), 3 – (4)

பகுதி II:
(i) அனஸ்ட்ரோசோல் அரோமற்றேஸ் நொதியத்தை அடக்குவதால் தெஸ்தெஸ்தரோன் ஈஸ்திரஜனாக மாறுவது குறைந்தமை.
(ii) என்பின் அடர்த்தி குறைந்து, முறிவு ஏற்படும் வாய்ப்புக் கூடும்.
(iii) தெஸ்தெஸ்தரோனின் அளவைப் பரிசோதித்து, மிகையாயின் குறைத்தல். அல்லது ஊசியின் இடைவெளியை மாற்றிச் சிறிய அளவாகப் பகிர்ந்து கொடுத்தல்.
(iv) நிறுத்தக்கூடாது. அவருடைய நோய் ஈஸ்திரஜனாற் தூண்டப்படுவதால் குளிசையை விட்டால் நோய் திரும்பும் அபாயம் கூடும். பக்கவிளைவு இருந்தால் கிளினிக்கிற் தெரிவித்து வைத்தியரின் ஆலோசனையைப் பெறவேண்டும்.

நான்காம் வினாவுக்கு மூன்று புள்ளிகள் கொடுக்கப்பட்டிருப்பதைக் கவனித்திருப்பீர்கள். வெறுமனே ‘நிறுத்தக்கூடாது’ என எழுதினால் ஒரு புள்ளிதான். காரணத்தை எழுதினாற்றான் மிகுதி கிடைக்கும். வீட்டிலும் அப்படித்தான்: காரணம் தெரிந்தவர் சொல்லும் புத்திமதியையே மற்றவர் கேட்பர்.